குலுக்கலில் பெயர் வராத பிள்ளைகள்

நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் ஒரு பள்ளி. இருப்பது 40 இடங்கள், வந்திருப்பது 792 விண்ணப்பங்கள். குலுக்கலில்தான் சேர்க்கை. அம்மாக்களும் பாட்டிகளும் பிள்ளைகளை அணைத்துக்கொண்டு அரங்கம் நிறைய உட்கார்ந்திருக்க, மேடையில் ஒவ்வொரு பெயராக வாசிக்கிறார்கள். பெயர் வந்த குடும்பம் துள்ளி எழுகிறது. வராதவர்களின் முகத்தைக் கேமரா நெருங்கிப் பார்க்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத ஒதுக்கீட்டுக்கு நம்மூர்த் தனியார் பள்ளிகளில் குலுக்கல் நடந்ததைப் பார்த்த பெற்றோருக்கு அந்த முகங்கள் அந்நியமாகத் தெரியாது.

டேவிஸ் குகன்ஹைம் இயக்கி 2010-இல் வெளிவந்த ‘வெயிட்டிங் ஃபார் சூப்பர்மேன்’ ஆவணப்படத்தின் இறுதிப் பகுதி இது. பருவநிலை மாற்றம் பற்றிய ‘ஆன் இன்கன்வீனியன்ட் ட்ரூத்’ படத்தை எடுத்தவர் இவர். ‘வெயிட்டிங் ஃபார் சூப்பர்மேன்’ சன்டான்ஸ் திரைப்பட விழாவில் பார்வையாளர் விருது பெற்றது. இதில் வரும் ஐந்து குழந்தைகளையும் அப்போதைய அதிபர் ஒபாமா வெள்ளை மாளிகைக்கு அழைத்துச் சந்தித்தார். அமெரிக்க அரசுப் பள்ளிகள் ஏன் தோற்கின்றன என்ற கேள்வியை வீட்டுக்கு வீடு பேசவைத்த படம் என்பதில் சந்தேகமில்லை. பதிலாக அது சொன்னதில் பாதி சரி. மீதிப் பாதி ஆசிரியர்களுக்குப் பெரிய அநீதி இழைத்தது.

குலுக்கல் நடக்கும் இந்தப் பள்ளிகளுக்குச் ‘சார்ட்டர்’ பள்ளிகள் என்று பெயர். பணம் அரசுடையது, நிர்வாகம் தனி. பள்ளி நேரம், ஆசிரியர் நியமனம், நீக்கம் எல்லாவற்றிலும் அவற்றுக்குக் கூடுதல் சுதந்திரம் உண்டு. இதற்கான முதல் சட்டம் 1991-இல் மின்னசோட்டா மாநிலத்தில் வந்தது. அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே இந்த யோசனையை நாடறியப் பேசியவர் ஆல்பர்ட் ஷாங்கர், அமெரிக்க ஆசிரியர் கூட்டமைப்பின் அன்றைய தலைவர். ஆசிரியர்களே புது முறைகளைச் சோதித்துப் பார்க்க ஓர் இடம் வேண்டும் என்பது அவர் எண்ணம். படத்தில் அதே ஆசிரியர் சங்கம் வில்லனாக வந்து நிற்கிறது.

‘சூப்பர்மேன்’ என்ற தலைப்பு ஜெஃப்ரி கனடா சொல்லும் நினைவிலிருந்து வந்தது. ஏழ்மையான தெற்கு பிராங்க்ஸில் வளர்ந்து, பின்னாளில் ‘ஹார்லெம் சில்ட்ரன்ஸ் ஸோன்’ அமைப்பைக் கட்டியெழுப்பியவர். சூப்பர்மேன் நிஜமில்லை என்று சிறுவயதில் அம்மா சொன்னபோது அழுதாராம். நம்மைக் காப்பாற்றும் வலிமையுள்ளவர் யாரும் வரப்போவதில்லை என்பதுதான் அந்த அழுகைக்குக் காரணம்.

இன்னொரு காட்சியும் மனதை விட்டுப் போவதில்லை. ஹார்லெமில் ஒரு தாய், அரசுப் பள்ளி மேல் நம்பிக்கை இல்லாமல், முடியாத நிலையிலும் பணம் கட்டி மகளைத் தனியார் பள்ளியில் சேர்த்திருக்கிறார். கட்டணப் பாக்கி விழுகிறது. மழலையர் வகுப்புப் பட்டமளிப்பு விழாவில் அந்தச் சிறுமிக்கு இடமில்லை. பள்ளி எதிர்த்தெருவில்தான் இருக்கிறது. தோழிகள் விழாவுக்குப் போவதை அவள் வீட்டு ஜன்னலிலிருந்து பார்க்கிறாள்.

இத்தனை வேதனைக்கும் படம் கண்டுபிடித்த காரணம், மோசமான ஆசிரியர்களை நீக்க முடியாமல் சங்கங்களும் பணிப் பாதுகாப்புச் சட்டங்களும் தடுக்கின்றன என்பது. பொருளியலாளர் எரிக் ஹனுஷெக் தோன்றி, அடிமட்டத்தில் இருக்கும் சிறு சதவீத ஆசிரியர்களுக்குப் பதிலாகச் சராசரி ஆசிரியர்களை அமர்த்தினாலே அமெரிக்கா கல்வியில் பின்லாந்தை எட்டிவிடும் என்கிறார். சான்றாக நியூயார்க்கின் ‘ரப்பர் ரூம்’ காட்டப்படுகிறது. ஒழுங்கு நடவடிக்கைக்கு ஆளான நூற்றுக்கணக்கான ஆசிரியர்கள் விசாரணை முடியும்வரை முழுச் சம்பளத்துடன் வேலையின்றி உட்காரவைக்கப்பட்ட அறைகள் அவை. வெட்கக்கேடான ஏற்பாடுதான். ஆனால் விசாரணையை ஆண்டுக்கணக்கில் இழுத்தது யார் குற்றம்? படம் திரையரங்குக்கு வருவதற்குள் நகர நிர்வாகமும் சங்கமும் பேசி அந்த அறைகளை மூட ஒப்புக்கொண்டிருந்தன.

பணிப் பாதுகாப்பு எப்படி வந்தது என்பதைப் படம் போகிற போக்கில் கடந்துவிடுகிறது. ஆட்சி மாறினால் ஆசிரியர் மாறுவார், திருமணமானால் ஆசிரியைக்கு வேலை போகும் என்ற காலம் ஒன்று இருந்தது. அந்த அநியாயத்திலிருந்து பெற்ற பாதுகாப்பு அது.

ஆசிரியரின் மதிப்பு பற்றிப் படம் சொன்னது வெறும் உணர்ச்சிப் பேச்சல்ல. ராஜ் செட்டி உள்ளிட்ட மூவர் சுமார் 25 லட்சம் மாணவர்களின் விவரங்களை ஆராய்ந்து 2014-இல் வெளியிட்ட ஆய்வில், நல்ல ஆசிரியரிடம் படித்தவர்கள் கல்லூரிக்குப் போகும் வாய்ப்பும் பிற்கால வருமானமும் கூடுவது தெரிந்தது. ஆனால் யார் நல்ல ஆசிரியர் என்பதை ஆண்டுத் தேர்வு மதிப்பெண்ணை வைத்து முடிவு கட்டலாமா? அதே 2014-இல் அமெரிக்கப் புள்ளியியல் சங்கம் எச்சரித்தது: மாணவர்களின் மதிப்பெண் வேறுபாட்டில் ஆசிரியரால் வருவது 1 முதல் 14 சதவீதம் என்றே பெரும்பாலான ஆய்வுகள் காட்டுகின்றன. வீடு, வருமானம், உடல்நலம், பள்ளியின் நிலை எல்லாம் சேர்ந்துதான் மீதி.

எச்சரிக்கையைக் கேட்கும் மனநிலை அன்று இல்லை. வாஷிங்டனில் கல்வித் தலைவராக இருந்து படத்தின் நாயகியாக வந்த மிஷெல் ரீ, 2010 ஜூலையில் 241 ஆசிரியர்களை ஒரே வீச்சில் நீக்கினார். அந்த இலையுதிர் காலத்தில் அவரை நியமித்த மேயர் உட்கட்சித் தேர்தலில் தோற்க, ரீயும் பதவி விலகினார். கேட்ஸ் அறக்கட்டளையின் ஆதரவுடன், ஆசிரியர்களை மதிப்பிட்டுத் தரம் உயர்த்தும் திட்டம் சில மாவட்டங்களிலும் சார்ட்டர் குழுமங்களிலும் நடந்தது. செலவு சுமார் 57.5 கோடி டாலர். 2018-இல் வந்த ராண்ட் ஆய்வு நிறுவனத்தின் மதிப்பீடு, மாணவர்களின் கல்வி எதிர்பார்த்தபடி உயரவில்லை என்றது.

சார்ட்டர் பள்ளிகளின் கதையும் அப்படித்தான். 2009-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வு மையம் ஒன்று ஒப்பிட்டபோது, அவற்றில் 17 சதவீதம் அரசுப் பள்ளிகளை விஞ்சியிருந்தன, 37 சதவீதம் பின்தங்கியிருந்தன, மற்றவற்றில் குறிப்பிடும்படியான வித்தியாசமில்லை. ஐந்தில் ஒன்றுதான் சிறப்பாக நடக்கிறது என்று படமே ஓரிடத்தில் ஒப்புக்கொள்கிறது. ஆனால் காட்டுவது அந்த ஒன்றை மட்டும். முன்னுதாரணமாகச் சொன்ன பின்லாந்தில் ஆசிரியர்கள் அநேகமாக எல்லோருமே சங்கத்தில் இருக்கிறார்கள். முதுகலைப் பட்டம் இல்லாமல் அங்கே நிரந்தர ஆசிரியராக முடியாது. இந்த ஓட்டைகளைக் கல்வி வரலாற்றாளர் டயான் ராவிச் அந்த ஆண்டே ஒவ்வொன்றாக எடுத்துக்காட்டி எழுதினார்.

எனக்குப் பெரிய குறையாகத் தெரிவது பணத்தின் கதை. அமெரிக்கப் பள்ளிகளின் நிதியில் கணிசமான பங்கு அந்தந்தப் பகுதியின் சொத்து வரியிலிருந்து வருகிறது. டெக்சாஸின் சான் அன்டோனியோவில் எட்ஜ்வுட் என்ற ஏழைப் பள்ளி மாவட்டமும் ஆலமோ ஹைட்ஸ் என்ற வசதியான மாவட்டமும் உண்டு. 1960-களின் இறுதியில் எட்ஜ்வுட் மக்கள் அந்த வட்டாரத்திலேயே அதிக விகிதத்தில் வரி கட்டினார்கள். அப்படியும் அந்த வரியில் மாணவருக்குக் கிடைத்தது 26 டாலர். குறைந்த விகிதம் கட்டிய ஆலமோ ஹைட்ஸுக்கு 333 டாலர். வீட்டு மதிப்பு அவ்வளவு வித்தியாசம். மாநில, மத்திய உதவிகளைச் சேர்த்தபோதும் 356-க்கு 594 என்ற இடைவெளி நீடித்தது. பெற்றோர் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய், 1973-இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தோற்றது. கல்வி அமெரிக்க அரசமைப்பு உறுதிசெய்த அடிப்படை உரிமை அல்ல என்றது தீர்ப்பு. பின்னர் பல மாநிலங்களில் வழக்குகள் நடந்து இடைவெளி ஓரளவு குறைந்திருக்கிறது. ஆனாலும் பிள்ளை எந்தத் தெருவில் பிறக்கிறது என்பதுதான் முதல் குலுக்கல். ஜெஃப்ரி கனடாவின் அமைப்பே வகுப்பறையோடு நிற்பதில்லை. இளம் பெற்றோருக்கான பயிற்சி, உடல்நலம், மாலை வகுப்பு என்று பிறப்பிலிருந்தே குழந்தையைச் சூழ்ந்து நிற்கிறது. அதற்கு ஆகும் செலவைப் பற்றிப் படம் மூச்சு விடவில்லை.

குகன்ஹைமுக்கு ஆசிரியர்கள் மேல் மதிப்பு இல்லை என்று சொல்ல முடியாது. லாஸ் ஏஞ்சலிஸில் பணிக்குச் சேர்ந்த ஐந்து புது ஆசிரியர்களைப் பின்தொடர்ந்து, 2001-இல் வெளிவந்த ‘தி ஃபர்ஸ்ட் இயர்’ என்ற படத்தை எடுத்தவர் அவர். 2010-இல் வந்த படத்தில் அந்த வகுப்பறைதான் காணாமல்போனது. சாதாரண அரசுப் பள்ளியில் பாடம் நடத்தும் ஒரு நல்ல ஆசிரியரைப் படம் நின்று பார்க்கவேயில்லை. மாணவரின் தலையைத் திறந்து ஆசிரியர் பாடத்தை ஊற்றுவதாகக் கார்ட்டூன் வருகிறது. ஒரு நாளாவது வகுப்பெடுத்தவர்களுக்கு அது எத்தனை தவறு என்று தெரியும்.

ஆசிரியர்களின் குரல் நாடு முழுக்கக் கேட்க 2018 வரை ஆயிற்று. அந்தப் பிப்ரவரியில் மேற்கு வர்ஜீனியாவின் 55 கவுண்டிகளிலும் ஆசிரியர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். சம்பளமும் மருத்துவக் காப்பீட்டுச் செலவும்தான் பிரச்சினை. பள்ளி மதிய உணவை நம்பியிருக்கும் பிள்ளைகள் பட்டினி கிடக்கக் கூடாதென்று உணவுப் பொட்டலங்கள் கட்டி அனுப்பிய பிறகே பலர் வேலையை நிறுத்தினார்கள். 5 சதவீத ஊதிய உயர்வு கிடைத்தது.

அடுத்து ஓக்லஹோமா. அட்டை பிய்ந்த, பக்கங்கள் உதிர்ந்த பாடப்புத்தகங்களை ஆசிரியர்கள் படமெடுத்துச் சமூக ஊடகங்களில் போட்டார்கள். பணமில்லாமல் அங்கே பல மாவட்டங்கள் வாரத்துக்கு நான்கு நாள்தான் பள்ளி நடத்தின. அந்த மாநிலத்தின் 2016-ஆம் ஆண்டுக்கான சிறந்த ஆசிரியர் விருது பெற்றவர், சம்பளம் கட்டுப்படியாகாமல் அடுத்த ஆண்டே பக்கத்து டெக்சாஸில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார்.