ஊசியை நிறுத்தினால்தான் தெரியும்

இன்று வேலைக்குச் சேரும் இளம் கால்நடை மருத்துவர் எவரும் வெக்கை நோயைக் கண்ணால் பார்த்திருக்க வழியில்லை. பாடத்தில் படித்திருப்பார், தேர்வில் எழுதியிருப்பார், அவ்வளவுதான். எழுபது எண்பது வயது மாட்டுக்காரர் யாராவது கிடைத்தால் கேட்டுப் பாருங்கள். முதலில் காய்ச்சல் என்பார். கண்ணிலும் மூக்கிலும் நீர் வடியும். ஈறிலும் நாக்கடியிலும் புண் வந்து தீனி எடுக்காது. அப்புறம் பேதி, நாற்றமெடுத்து ரத்தம் கலந்த பேதி. ஒரு வாரம் பத்து நாளில் மாடு படுத்துவிடும், எழுந்திருக்காது. ஒன்றோடு நிற்காமல் தொழுவமே காலியாகும். ஏர் ஓட்ட மாடில்லாத அந்த வருடம் வெள்ளாமையும் இல்லை.

அந்த நோய் இப்போது உலகத்தில் எங்கும் கிடையாது. பெரியம்மைக்கு அடுத்தபடியாக மனிதர்கள் முயன்று பூமியிலிருந்தே ஒழித்த இரண்டாவது நோய் அது. எப்படி ஒழிந்தது என்று கேட்டால், ‘தடுப்பூசி கண்டுபிடித்தார்கள், எல்லா மாட்டுக்கும் போட்டார்கள், போய்விட்டது’ என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். பாதி சரி. மீதிப் பாதி அதைவிடச் சுவையானது, நாம் யாரும் எதிர்பார்க்காததும்கூட. ஒவ்வொரு படியாகப் பார்ப்போம்.

முதலில் நோயின் சுபாவம். நம் பிள்ளைகளுக்கு வரும் தட்டம்மைக் கிருமிக்கு இது நெருங்கிய சொந்தம். மாடு மாட்டோடு நெருங்கி நின்றால் தொற்றும். வெளியே வெயிலிலும் காற்றிலும் வெகுநேரம் தாங்காது. நோய் கண்டு பிழைத்த மாட்டுக்கு ஆயுள் முழுக்க மறுபடி வராது, அது கிருமியை உடம்புக்குள் ஒளித்து வைத்திருந்து பிறகு பரப்புவதும் இல்லை. அப்படியானால் இந்தக் கிருமி உயிரோடு இருக்க ஒரே வழிதான் உண்டு. ஓரிரு வாரத்துக்கு ஒரு முறை, இதுவரை நோய் காணாத புதிய மாடு ஒன்று அதற்குக் கிடைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

புதிய மாட்டை அதனிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது யார்? நாம்தான். சந்தைக்கு ஓட்டினோம், கப்பலில் ஏற்றினோம், படைகளோடு அனுப்பினோம். 1880களின் கடைசியில் ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையில் இந்த நோய் இறங்கியது. இத்தாலியப் படைகளுக்காகக் கொண்டுவந்த மாடுகளோடு வந்தது என்பது பரவலான கருத்து. பத்தே ஆண்டில் கண்டத்தின் தென்கோடி வரை போய்விட்டது. மாட்டை நம்பி வாழ்ந்த மக்கள் சோறில்லாமல் செத்தார்கள். எத்தியோப்பியாவில் அன்று விழுந்த பஞ்சத்தை அந்த நாடு இன்னும் மறக்கவில்லை. நமக்குப் பக்கத்திலேயே ஓர் உதாரணம் உண்டு. இலங்கையில் சுமார் நாற்பது ஆண்டுகளாக வெக்கை நோய் இல்லாமல் இருந்தது. 1987இல் இந்திய அமைதிப்படையின் உணவுக்காக அங்கே ஆடுகள் போயின, அவற்றோடு நோயும் போனது. அங்கிருந்த மாடும் எருமையும் இந்தக் கிருமியைக் கண்டதே இல்லை. மறுபடி அதை விரட்ட இலங்கைக்குப் பல ஆண்டுகள் ஆயின.

ஆக, எல்லைக்குள் ஒரு நாடு எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும் போதாது. இதை ஐரோப்பாவுக்குப் புரியவைத்ததும் நம் மாடுகள்தான். 1920இல் இந்தியாவிலிருந்து பிரேசிலுக்குப் போன திமில் மாடுகளை, கப்பல் மாற்றுவதற்காக பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் துறைமுகத்தில் இறக்கினார்கள். நோய் பெல்ஜியத்துக்குள் புகுந்துவிட்டது. அந்த அதிர்ச்சியில்தான் நாடுகள் கூடிப் பேசின. 1924 ஜனவரி 25 அன்று பாரிசில் 28 நாடுகள் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. இன்று 183 நாடுகள் சேர்ந்திருக்கும் உலக விலங்கு சுகாதார அமைப்பின் பிறப்பு அதுதான். ஐக்கிய நாடுகள் சபைக்கும், மனிதர்களுக்கான உலக சுகாதார அமைப்புக்கும் முன்னாலேயே மாடுகளுக்காக ஓர் அமைப்பு உருவாகிவிட்டது.

இந்த அமைப்பு ஆள் அனுப்பி எந்த நாட்டு மாட்டுக்கும் வைத்தியம் பார்ப்பதில்லை. அதன் முக்கியமான வேலை சேதி சொல்வது. பட்டியலில் உள்ள நோய் ஒன்று புதிதாகத் தலைகாட்டினால், அந்த நாட்டின் தலைமைக் கால்நடை அதிகாரி 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். சொன்னால் ஏற்றுமதி நின்றுபோகுமே என்ற பயம் எந்த நாட்டுக்கும் இருக்கும், அது நியாயமான பயமும்கூட. அதனால்தான் எந்த நோய்க்கு எதை, எந்த அளவுக்குத் தடுக்கலாம் என்ற விதிகளையும் இதே அமைப்பு எழுதி வைத்திருக்கிறது. 1995 முதல் உலக வணிக அமைப்பும் அந்த விதிகளைத்தான் அளவுகோலாக எடுத்துக்கொள்கிறது. உண்மையைச் சொன்ன நாட்டை மற்றவர்கள் இஷ்டத்துக்குத் தண்டிக்க முடியாது என்ற நம்பிக்கை இல்லாமல் உண்மை வெளியே வராது. இந்த ஏற்பாட்டிலேயே எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

இனி ஊசிக்கு வருவோம். இதில் இந்தியாவுக்குப் பெரிய பங்கு உண்டு. குமாவோன் மலையில் முக்தேசுவர் என்ற ஊர். கிருமி வெளியே தப்பினாலும் ஊர்மாடுகளை எட்டக்கூடாது என்றுதான் ஆய்வகத்தை அவ்வளவு உயரத்தில், ஒதுக்குப்புறமாக வைத்தார்கள். அங்கே 1920களில் எட்வர்ட்ஸ் என்ற ஆய்வாளர் வெக்கைக் கிருமியை ஓர் ஆட்டிலிருந்து இன்னோர் ஆட்டுக்கு என்று மாற்றிக்கொண்டே போனார். ஆட்டுக்குப் பழகப் பழக, மாட்டைக் கொல்லும் வலு கிருமிக்குக் குறைந்தது. அதுவே தடுப்பு மருந்தாயிற்று. பிறகு 1960ஐ ஒட்டி கென்யாவில் வால்டர் பிளவ்ரைட் என்ற கால்நடை மருத்துவர் ஆய்வகத்தில் வளர்த்த செல்களிலேயே கிருமியைப் பழக்கி இன்னும் நல்ல மருந்தைச் செய்தார். ஒரே ஊசி, ஆயுள் முழுக்கப் பாதுகாப்பு. குளிர்ச்சியிலேயே வைக்க வேண்டும் என்பது மட்டும்தான் குறை. 1990 வாக்கில், குளிர்பெட்டி இல்லாமலே ஒரு மாதம் வரை தாங்கும்படி அதை உலர்த்தும் முறையும் வந்துவிட்டது.

இவ்வளவு நல்ல மருந்து கையில் இருந்தும் நோய் ஒழிந்ததா? இல்லை. 1962 முதல் 1976 வரை ஆப்பிரிக்காவில் 22 நாடுகள் சேர்ந்து மாடு மாடாக ஊசி போட்டன. நோய் ஓரிரு மூலைகளுக்குள் ஒடுங்கியது. போய்விட்டது என்று எண்ணிக் கையைத் தளர்த்தினார்கள். 1980களின் தொடக்கத்தில் அது கண்டத்தின் பல பகுதிகளுக்குத் திரும்பி வந்தது. இந்தியாவிலும் 1954இலிருந்து ஊசித் திட்டம் நடந்தது. நோய் வெகுவாகக் குறைந்தது, ஆனால் பல பத்தாண்டுகளுக்கு அற்றுப்போகவில்லை.

நாம் எல்லோரும் தவறாக எண்ணிக்கொள்ளும் இடம் இங்கேதான் வருகிறது. ஊசி போடப் போட நோய் தேய்ந்துகொண்டே போய் ஒரு நாள் தானே முடிந்துவிடும் என்று நினைக்கிறோம். ஊசி போடுபவர் எந்த மாட்டுக்குப் போடுகிறார் என்று யோசித்துப் பாருங்கள். சாலையோரத்து மாடு, பால் சங்கத்து மாடு, கூப்பிட்டால் நிற்கும் மாடு. அதே மாட்டுக்கே வருடா வருடம் போடுகிறார். கிருமி தங்கியிருப்பதோ மேய்ச்சலுக்காக நூற்றுக்கணக்கான மைல் நடக்கும் மந்தையில், சண்டை நடக்கும் பிரதேசத்தில், அரசு ஊழியர் கால் வைக்காத காட்டோரத்தில். கணக்குப் புத்தகத்தில் ஊசி எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகும், கிருமி தன்பாட்டுக்கு வாழ்ந்துகொண்டிருக்கும்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. கிருமியைச் சந்தித்த உடம்பு அதை எதிர்க்க ஒரு புரதத்தைச் செய்து ரத்தத்தில் வைத்துக்கொள்கிறது. அதற்கு எதிர்ப்பொருள் என்று பெயர். நோய் வந்து பிழைத்த மாட்டின் ரத்தத்திலும் அது இருக்கும், ஊசி போட்ட மாட்டின் ரத்தத்திலும் அது இருக்கும். அன்றைய சோதனைகளில் இரண்டையும் பிரித்தறிய முடியாது. வீட்டில் காய்ச்சலுக்கு ஆறு மணி நேரத்துக்கு ஒரு மாத்திரை கொடுத்துக்கொண்டிருக்கும்போது, காய்ச்சல் விட்டதா, மாத்திரையால் அடங்கியிருக்கிறதா என்று தெரியாதல்லவா? ஒரு வேளை மாத்திரையை நிறுத்தி நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறோம். வெக்கை நோய்க்கும் அதைத்தான் செய்ய வேண்டியிருந்தது. நோய் போய்விட்டதா என்று அறிய, ஊசியை நிறுத்தியாக வேண்டும்.

1989இல் பாரிசில் நிபுணர்கள் கூடி இதற்கு ஒரு வழிமுறையை வகுத்தார்கள். நோய் கண்ணில் படாத நாடு முதலில் ஊசியை அறவே நிறுத்திவிட்டு அதை அறிவிக்க வேண்டும். அதன்பின் சில ஆண்டுகள் சல்லடை போட்டுத் தேட வேண்டும். கடைசியில், ஊசி நின்ற பிறகு பிறந்த மாடுகளின் ரத்தத்தை எடுத்துப் பார்க்க வேண்டும். இந்த மாடுகள்தான் சாட்சி. தாய்ப்பாலில் வந்த பாதுகாப்பு சில மாதங்களில் தீர்ந்துவிடும். அதற்குப் பிறகும் ரத்தத்தில் எதிர்ப்பொருள் இருந்தால், ஊசியே காணாத மாட்டுக்கு அது எங்கிருந்து வந்திருக்கும்? கிருமி இன்னும் நடமாடுகிறது என்று அர்த்தம். ஒன்றிலும் இல்லை என்றால் நாடு விடுபட்டது.

சொல்ல எளிதாக இருக்கிறது. கோடிக்கணக்கான மாடுகளைப் பாதுகாப்பில்லாமல் நிறுத்திவைக்கிற உத்தரவில் கையெழுத்துப் போட வேண்டிய அதிகாரியை நினைத்துப் பாருங்கள். ‘இருக்கிற ஊசியைப் போட்டுத் தொலைத்தால் என்ன’ என்று கேட்பவர்கள் எங்கும் இருந்திருப்பார்கள். நோய் திரும்பினால் பழி அவர் தலையில் விழும். பல நாடுகள் இந்தப் படியில்தான் தயங்கி நின்றன. பக்கத்து நாடும் அதே விதிப்படி நடக்கிறது, அங்கே நோய் வந்தால் மறைக்காமல் சொல்லும் என்ற உறுதி இருந்தால்தான் ஒருவர் துணிந்து ஊசியைக் கீழே வைக்க முடியும். 1924இல் போட்ட கையெழுத்துக்கு முழுப் பொருளும் இங்கேதான் கிடைத்தது என்பேன்.

இந்தியா தன்னை மண்டலங்களாகப் பிரித்துக்கொண்டு மண்டலம் மண்டலமாக ஊசியை நிறுத்தியது. இங்கே கடைசியாக நோய் கண்டது 1995இல், தமிழ்நாட்டின் வட ஆற்காட்டுப் பக்கம். அதன் பிறகு நடந்த தேடலை நம் கால்நடைத் துறையின் மிகச் சிறந்த வேலைகளில் ஒன்றாகக் கருதுகிறேன். ஊழியர்கள் ஊர் ஊராகப் போய், வாயில் புண்ணும் பேதியுமாக மாடு ஏதும் விழுந்ததா என்று விசாரித்தார்கள். சந்தைக்கு மாடு ஓட்டிப் போகும் தடங்களில் நின்றும் பார்த்தார்கள். நோய் நடந்து போகும் வழி அதுதான் என்பது அவர்களுக்குத் தெரியும். இப்படித் தேடித் தேடி, 2006இல்தான் இந்தியா விடுபட்ட நாடு என்ற அங்கீகாரத்தைப் பெற்றது.

ஆப்பிரிக்காவில் மருத்துவர்கள் போக முடியாத இடங்களில் மேய்ப்பர்களுக்கே பயிற்சி கொடுத்தார்கள். எத்தியோப்பியாவின் அஃபார் பகுதியிலும் தெற்கு சூடானிலும் குளிர்பெட்டி தேவைப்படாத அந்த மருந்தைத் தோளில் மாட்டிக்கொண்டு அவர்களே மந்தைகளைத் தேடி நடந்தார்கள். எந்தக் கூட்டம் எந்த மாதம் எந்த நீர்நிலைக்கு வரும் என்று அவர்களைவிட யாருக்குத் தெரியும்? அதுவரை ஊசி போய்ச் சேராமலிருந்த இடங்களுக்கும் கடைசியில் அது போய்ச் சேர்ந்தது.

உலகில் கடைசியாக வெக்கை நோய் பதிவானது 2001இல், கென்யாவின் மேரு தேசியப் பூங்காவில் இருந்த காட்டெருமைகளிடம். காட்டு விலங்குகளுக்கு யாரும் ஊசி போடுவதில்லை, ஆகவே அவற்றின் ரத்தத்தில் குழப்பத்துக்கு இடமில்லை. அந்தப் பகுதியில் அவற்றையும் கவனித்துக்கொண்டே இருந்தார்கள். 198 நாடுகளும் ஆட்சிப் பகுதிகளும் சரிபார்க்கப்பட்ட பிறகு, 2011 மே 25 அன்று பாரிசில் உலக விலங்கு சுகாதார அமைப்பின் கூட்டத்தில் நோய் ஒழிந்ததாகத் தீர்மானம் நிறைவேறியது. அடுத்த மாதம் ரோமில் உணவு மற்றும் வேளாண்மை அமைப்பும் அறிவித்தது. கிருமி இப்போது சில ஆய்வகங்களின் குளிர்பெட்டிகளில் மட்டும் இருக்கிறது. பிரிட்டனின் பிர்பிரைட் ஆய்வகம் தன்னிடமிருந்த பெரும் கையிருப்பின் மரபுக் குறிப்பை முழுவதும் படித்து வைத்துக்கொண்டு 2019இல் அதை அழித்தது. மற்றவையும் அழிய வேண்டும்.

இப்போது அடுத்த வேலை நடக்கிறது. ஆட்டுக்கொல்லி நோய், வெக்கையின் நெருங்கிய உறவு, ஆட்டுக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த நோய். இந்தியாவில் முதலில் அடையாளம் காணப்பட்டது 1987இல், விழுப்புரத்துப் பக்கம் அரசூரில். அதற்கும் ஒரே ஊசியில் பல ஆண்டுப் பாதுகாப்பு தரும் மருந்து உண்டு, அரசூர்க் கிருமியிலிருந்து ஒன்று, முக்தேசுவரில் இன்னொன்று என்று அதைத் தயாரித்திருக்கிறார்கள். 2030க்குள் உலகிலிருந்தே அதை ஒழிப்பது என்று 2015இல் ஐவரி கோஸ்ட்டின் அபிஜான் நகரில் நாடுகள் முடிவெடுத்தன. ஆட்டில் வேலை கடினம். மந்தை வேகமாக மாறும், புதுக்குட்டிகள் வந்துகொண்டே இருக்கும், சந்தைக்குச் சந்தை கைமாறும். அதனால் இப்போதைக்கு ஊசிக்காரர் வந்தால் ஒரு குட்டி விடாமல் போட்டுக்கொள்ள வேண்டும். பிறகு ஒரு வருடம் அவர் ஊசி இல்லாமல் வந்து, குட்டிகளின் ரத்தம் மட்டும் வேண்டும் என்று கேட்பார். அப்போது நம் ஆட்டுக்காரர்கள் தயங்காமல் ஆட்டைப் பிடித்துக் கொடுக்க வேண்டும்.