கட்டளை வரியும் இரு கைப்பழக்கங்களும்

கணிப்பொறித் தொழிலை நம்பி ஊர்விட்டு வந்த பிள்ளைகள் நம் சங்கத்துக் குடும்பங்களில் இன்று பலர். அவர்களுள் இரவு முறையில் சர்வர்களைக் காத்து நிற்போர்க்கு 'ஷெல்' என்பது அன்றாடக் கருவி. வெறுந்திரையில் ஒரு வரிக் கட்டளையைத் தட்டி 'என்டர்' விசையை அழுத்தினால் இயந்திரம் அதனை நிறைவேற்றிவிடும். அழுத்திய பின் கெஞ்சிப் பயனில்லை. ஆதலின், அழுத்துமுன் அவ்வரியைத் திருத்தும் வகையை நன்கு அறிந்திருத்தல் வேண்டும்.

திருத்துவதற்கு ஈமாக்ஸ், வீஐ என்று இரு முறைகள் உண்டு. இவை 1976-ஆம் ஆண்டில் தோன்றிய இரு எழுத்துத் திருத்திகளின் பெயர்கள். 1983-இல் அறிமுகமான கார்ன் ஷெல் வழியே இவை கட்டளை வரிக்கு வந்தன. 1989-இல் வெளிவந்த 'பாஷ்' ஷெல், நாம் ஒன்றும் சொல்லாவிடில், ஈமாக்ஸ் முறையிலேயே இயங்கும்.

ஈமாக்ஸ் முறையில் 'கன்ட்ரோல்' விசையோடு ஏ-யை அழுத்தினால் வரியின் தொடக்கம். ஈ-யை அழுத்தினால் முடிவு. ஆர்-ஐ அழுத்தினால் பழைய கட்டளைகளைத் தேடலாம். கற்பது எளிது. சுண்டுவிரல்தான் பாவம், இரவெல்லாம் மூலையில் கிடக்கும் விசையைத் தேடி நீள வேண்டும்.

வீஐ முறையின் போக்கே வேறு. முதலில் தட்டச்சு வழக்கம்போல் நடைபெறும். 'எஸ்கேப்' விசையை அழுத்திய மறுகணம் எழுத்துகளெல்லாம் ஏவல்களாகிவிடும். எச் இடப்புறமும் எல் வலப்புறமும் நகர்த்தும். கே பழைய கட்டளையைக் கொணரும். இது புதிராகத் தோன்றலாம். இத்திருத்தியை எழுதிய பில் ஜாய் பயன்படுத்திய டெர்மினலில் எச், ஜே, கே, எல் ஆகிய விசைகளின் மேலேயே அம்புக்குறிகள் அச்சிடப்பட்டிருந்தன. எஸ்கேப் விசையும் இன்று 'டேப்' உள்ள இடத்தில், விரலுக்கு எட்டும் தொலைவில் இருந்தது.

அறியாதார்க்கு இங்கே ஓர் ஆபத்து உண்டு. பாஷ் ஷெல்லின் வீஐ முறையில் எஸ்கேப்பை அழுத்திவிட்டு வீ என்னும் எழுத்தைத் தட்டினால், அவ்வரி முழுத் திருத்தி ஒன்றில் திறக்கும். திருத்தியை மூடிவிட்டால் கட்டளை கைவிடப்பட்டது என்று எண்ணுவோம். அன்று, மூடியதும் அது நிறைவேற்றப்படும்! கோப்புகளை அழிக்கும் கட்டளையாயின் என்னாகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. வேண்டாமெனில் உள்ளிருப்பதனைத்தையும் நீக்கிச் சேமித்து வெளியேற வேண்டும். இதற்கு மாறாக, எஸ்கேப்புக்குப் பின் 'ஹாஷ்' குறியைத் தட்டினால், வரி வெறுங்குறிப்பாகி, நிறைவேறாமல் வரலாற்றில் மட்டும் தங்கும். ஐயமுற்ற வேளையில் இதனினும் சிறந்த துணை இல்லை.

முறையை மாற்ற, 'செட் -ஓ வீஐ' என்று ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுக. அது அந்த அமர்வுக்கு மட்டுமே செல்லும். நிலைபெற வேண்டின், வீட்டுக் கோப்புறையில் புள்ளியோடு தொடங்கும் 'இன்புட்ஆர்சி' என்ற கோப்பில் 'செட் எடிட்டிங்-மோட் வீஐ' என எழுதுக. அடுத்த வரியில் 'செட் ஷோ-மோட்-இன்-ப்ராம்ப்ட் ஆன்' எனச் சேர்த்தால், எந்நிலையில் இருக்கிறோம் என்பதைத் திரையே காட்டும். இச்சிறு வரியை ஒருவரும் விடலாகாது என்பது என் கருத்து.

ஆனால் ஒரே கணக்கைப் பலர் முறைமாறிப் பயன்படுத்தும் சர்வரில் அக்கோப்பைத் தொடவே கூடாது. ரயில்வே அலுவலகங்களில் ஒரே நாற்காலியில் மூன்று முறைக்காரர் அமர்வோம். ஒருவர் உயரத்தை மாற்றிவிட்டுப் போனால் அடுத்தவர் முதுகுக்குத்தான் அது தெரியும். அதிகாலை இரண்டு மணிக்கு அவசரமாய் வந்தமரும் தோழர், தம் விசைகள் மாறிக் கிடப்பதை எங்ஙனம் அறிவார்? அத்தகைய இடத்தில் அமர்வுக்கு மட்டும் மாற்றிக்கொள்வதே முறை.

2019 முதல் மேக் கணிப்பொறிகளில் இயல்பாய் வரும் 'இஸட்ஷெல்'லில் கட்டளை வேறு: வீஐ முறைக்கு 'பைண்ட்கீ -வீ', ஈமாக்ஸுக்கு 'பைண்ட்கீ -ஈ'. 'எடிட்டர்' என்னும் மாறியில் வீஐ என்று முன்பே குறித்திருந்தால், இந்த ஷெல் கேளாமலே வீஐ முறைக்குச் சென்றுவிடும்.

பாஷில் எம்முறை நடப்பில் உள்ளது என்று ஐயம் எழுந்தால், 'செட் -ஓ' என்று மட்டும் தட்டுக. வரும் பட்டியலில் ஈமாக்ஸ், வீஐ இரண்டின் எதிரிலும் 'ஆன்' அல்லது 'ஆஃப்' என்றிருக்கும்.