பழைய டீசல் கார்: வீட்டு வாசலில் செய்ய வேண்டியவையும் செய்யக் கூடாதவையும்

கடையைத் திறந்ததும் தராசைத் துடைக்கிறோம். கல்லாவைச் சரிபார்க்கிறோம். அரிசி மூட்டையில் வண்டு இருக்கிறதா என்று கைவிட்டுப் பார்க்கிறோம். ஆனால் அதே கடைக்காகத் தினமும் ஓடும் வண்டியை மட்டும், அது நடுரோட்டில் நின்ற பிறகுதான் பார்க்கிறோம். கோவிலம்பாக்கம், கீழ்க்கட்டளை, மேடவாக்கம் வட்டாரத்தில் பழைய டீசல் கார் வைத்திருக்கும் வணிகப் பெருமக்கள் இன்னும் உண்டு. விடியற்காலையில் கத்திப்பாரா வழியாகக் கோயம்பேடு போகும் நாளில் அந்த வண்டி மக்கர் செய்தால், நட்டம் மெக்கானிக் கூலியோடு முடிவதில்லை. அன்றைய சரக்கும் போகிறது, வாடிக்கையாளரும் பக்கத்துக் கடைக்குப் போகிறார்.

டீசல் இன்ஜினுக்கு வயது ஒரு நோய் அல்ல. அதைக் கொல்பவை மூன்று: அழுக்கு டீசல், அழுக்கு ஆயில், மிதமிஞ்சிய சூடு. இந்த மூன்றையும் பெரும்பாலும் நாமே வீட்டில் கவனித்துக்கொள்ளலாம். எதில் கை வைக்கலாம், எதில் கூடாது என்பது தெரிந்திருந்தால் போதும்.

வணிகர் வீட்டுக்கு டீசல் கார் வந்த கதை

மேற்கு வங்காளத்தின் உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் தயாரித்த அம்பாசடருக்கு 1980 வாக்கில் 1,489 சி.சி. டீசல் இன்ஜின் வந்தது. வார்ப்பிரும்பு இன்ஜின், அகலமான டிக்கி, பின்னால் பட்டை ஸ்பிரிங். வேகம் கிடையாது, ஆனால் உழைத்தது. பெட்ரோலுக்கும் டீசலுக்கும் அன்றிருந்த விலை வித்தியாசமே பலரை டீசல் பக்கம் இழுத்தது. 1998-ல் டாடா இண்டிகா வந்தபோதும் அதே கணக்குத்தான்.

இன்று அந்தக் கணக்கு மாறிவிட்டது. 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாடு நீங்கியதிலிருந்து இரண்டுக்கும் உள்ள இடைவெளி பழையபடி இல்லை. அதே 2014-ல் அம்பாசடர் உற்பத்தியும் நின்றது. ஆகவே பழைய டீசல் காரில் இனி மிச்சம் பிடிக்க வேண்டுமானால் பராமரிப்பில்தான் பிடிக்க வேண்டும்.

டீசலே பம்புக்கு எண்ணெய்

பெட்ரோல் இன்ஜினில் பிளக் பொறி விட்டு எரிக்கிறது. டீசலில் பொறி கிடையாது. காற்றைச் சுமார் 20 மடங்கு அழுத்தினால் அது தானே கொதிக்கிறது. அதில் நாசில் டீசலைத் தூவ, பற்றிக்கொள்கிறது. தூவும் வேலைக்கு டீசலை அனுப்பும் பம்பின் உள் பாகங்களுக்கு இடையே உள்ள இடைவெளி, தலைமுடியின் பருமனில் இருபதில் ஒரு பங்குகூட இராது. அந்தப் பாகங்களுக்குத் தனியாக ஆயில் விடுவதில்லை. பல பம்புகளில் ஓடும் டீசலேதான் உராய்வைத் தடுக்கும் எண்ணெய்.

இதை நினைவில் வைத்தால் மற்றவை தானே புரியும். மண்ணெண்ணெய் கலந்தால் செலவு குறையும் என்று ஒரு காலத்தில் சிலர் செய்தார்கள். அது சட்டப்படி குற்றம். அதோடு மண்ணெண்ணெயில் டீசலின் வழவழப்பு இல்லை, பம்ப் தேயும். லிட்டருக்குச் சில ரூபாய் மிச்சம் பார்த்துப் பம்பையே மாற்றுவது, படிக்கல்லைத் தேய்த்துப் பவுன் சேர்ப்பது போன்றது.

நம் மளிகைக் கடைக்காரர்களுக்கு இன்னொரு செய்தி. 1900-ல் பாரிஸ் கண்காட்சியில் ஒரு டீசல் இன்ஜினைக் கடலை எண்ணெயிலேயே ஓட்டிக் காட்டினார்கள். அதைக் கேட்டுக் கடையில் மிஞ்சிய எண்ணெயை டாங்கில் ஊற்ற நினைக்க வேண்டாம். சமையல் எண்ணெய் டீசலைவிடப் பல மடங்கு கெட்டி. நாசிலில் கரி பிடிக்கும், ஃபில்டர் அடைக்கும், நாள்பட்டால் பிசினாகும்.

வீட்டில் செய்ய வேண்டியது இவ்வளவுதான். கூட்டமுள்ள, நம்பிக்கையான பங்க்கில் டீசல் போடுங்கள். மழைக்காலத்தில் டாங்கைப் பாதிக்கு மேல் வைத்திருங்கள். காலி இடத்தில் ஈரக்காற்று குளிர்ந்து தண்ணீராகும். ஃபில்டரின் அடியில் தண்ணீர் வடிக்கும் திருகு இருந்தால் மாதம் ஒரு முறை திறந்து கண்ணாடிக் குப்பியில் பிடித்துப் பாருங்கள். தண்ணீர் அடியில் தங்கி, டீசல் மேலே நிற்கும். டீசல் ஃபில்டரைக் கையேட்டில் சொன்ன கிலோமீட்டரில் மாற்றுங்கள். ஊதிக் கழுவித் திரும்பப் போடாதீர்கள்.

ஏர் பிடித்தால்

டீசல் தீர்ந்து வண்டி நின்றாலும், ஃபில்டர் மாற்றினாலும் குழாயில் காற்று புகும். பிறகு எத்தனை முறை செல்ஃப் அடித்தாலும் கிளம்பாது, பேட்டரிதான் இறங்கும். பழைய வண்டிகளில் ஏர் எடுப்பது வீட்டிலேயே செய்யக்கூடிய வேலை. ஃபில்டர் தலையில் உள்ள காற்றுத் திருகைச் சற்றுத் தளர்த்தி, கைப் பம்பை அடியுங்கள். முதலில் நுரை வரும். நுரையில்லாமல் டீசல் வந்ததும் திருகை இறுக்குங்கள். பம்பிலும் அப்படி ஒரு திருகு இருந்தால் அடுத்து அதையும் செய்யுங்கள். அடிக்கடி ஏர் பிடிக்கிறது என்றால் எங்கோ ரப்பர் குழாய் வெடித்திருக்கிறது, அல்லது வாஷர் தேய்ந்திருக்கிறது. அதைக் கண்டுபிடிக்காமல் தினமும் ஏர் எடுப்பதில் பயனில்லை.

ஆயில், தண்ணீர், காற்று

டீசல் இன்ஜினில் புது ஆயிலும் சில நாளில் கறுத்துவிடும். கரியைத் தனக்குள் இழுத்து வைப்பது அதன் வேலை. கறுப்பைக் கண்டு பயப்பட வேண்டாம். ஆனால் அது மோர் நிறத்தில் வெளுத்தால் தண்ணீர் கலந்துவிட்டது என்று பொருள். அந்த வண்டியை எடுக்கக் கூடாது. வாரம் ஒரு முறை, சமதரையில் வண்டி ஆறிய பின் ஆயில் அளவைப் பாருங்கள். டீசல் இன்ஜினுக்கு உரிய ஆயிலையே வாங்குங்கள். மாற்றும்போதெல்லாம் ஆயில் ஃபில்டரையும் மாற்றுங்கள்.

ரேடியேட்டருக்குப் போர் தண்ணீர் விடுவது நம் புறநகர்களில் பரவலான தவறு. குடத்தில் படியும் உப்பு ரேடியேட்டர் குழாயிலும் படியும். பிறகு கோடையில் வேளச்சேரி சிக்னலில் நிற்கும்போது முள் ஏறும். காய்ச்சி வடித்த தண்ணீரும் கூலண்ட்டும் கலந்து விடுங்கள். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது, முகம் வெந்துவிடும்.

ஏர் ஃபில்டர் அடைத்தால் வண்டி இழுக்காது, டீசல் கூடுதலாகக் குடிக்கும். மாவு மில், மிளகாய் மண்டி அருகில் வண்டி நிறுத்துபவர்கள் இதை அடிக்கடி பார்க்க வேண்டும். ஃபேன் பெல்ட் ஒன்றை டிக்கியில் வைத்திருங்கள். உங்கள் இன்ஜினுக்கு டைமிங் செயினா, டைமிங் பெல்ட்டா என்றும் தெரிந்துகொள்ளுங்கள். பெல்ட் என்றால் குறித்த கிலோமீட்டரில் மாற்றியே ஆக வேண்டும். ஓடும்போது அறுந்தால் பல இன்ஜின்களில் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும்.

புகை சொல்லும் செய்தி

கரும்புகை: காற்று போதவில்லை, அல்லது நாசில் ஒழுகுகிறது. முதலில் ஏர் ஃபில்டரைப் பாருங்கள்.

நீலப்புகை: இன்ஜின் ஆயில் எரிகிறது. ரிங்கோ வால்வோ தேய்ந்திருக்கலாம்.

வெண்புகை: காலையில் கிளம்பும்போது மட்டும் வந்தால் ஹீட்டர் பிளக்கைச் சோதியுங்கள். சூடேறிய பின்னும் வந்து, ரேடியேட்டரில் தண்ணீரும் குறைந்தால் ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம். தாமதிக்காமல் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

வெள்ளத்தில் நின்ற வண்டி

நம் வட்டாரத்தார் மிகவும் கவனிக்க வேண்டிய பகுதி இது. பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை ஒட்டிய ஊர்கள் 2015 டிசம்பரிலும், மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரிலும் பட்ட பாட்டை யாரும் மறந்திருக்க முடியாது. தண்ணீர் வடிந்ததும் "கிளம்புகிறதா பார்ப்போம்" என்று சாவியைத் திருப்புவதுதான் பெரிய நட்டத்தைக் கொண்டுவரும்.

காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது செல்ஃப் அடித்தால் கனெக்டிங் ராடு வளையும். அழுத்தம் மிகுந்த டீசல் இன்ஜினில் இந்தச் சேதம் கடுமையாக இருக்கும். ஆயிலும் ஃபில்டரும் மாற்றுவதோடு முடிய வேண்டிய வேலை, இன்ஜினையே இறக்கும் வேலையாகிவிடும். தண்ணீரில் நின்ற வண்டியைக் கிளப்பியதால் வந்த இன்ஜின் சேதத்துக்குச் சாதாரண இன்ஷூரன்ஸ் பாலிசியில் இழப்பீடு கிடைப்பதும் கடினம். இன்ஜின் பாதுகாப்புக்கு என்று தனிச் சேர்க்கை உண்டு. புதுப்பிக்கும்போது உங்கள் வண்டிக்குக் கிடைக்குமா என்று கேளுங்கள்.

ஆகவே முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். ஆயில் அளவு கூடியிருக்கிறதா, வெளுத்திருக்கிறதா பாருங்கள். ஏர் ஃபில்டர் நனைந்திருக்கிறதா பாருங்கள். நனைந்திருந்தால் கட்டி இழுத்துத்தான் மெக்கானிக்கிடம் கொண்டுபோக வேண்டும். அவர் நாசிலையோ ஹீட்டர் பிளக்கையோ கழற்றித் தண்ணீரை வெளியேற்றி, டாங்க், ஃபில்டர், இன்ஜின், கியர்பாக்ஸ், டிஃபரென்ஷியல் அனைத்திலும் பழையதை வடித்துப் புதியது விட்ட பிறகே கிளப்ப வேண்டும்.

கை வைக்கக் கூடாதவை

பம்பையும் நாசிலையும் வீட்டில் பிரிக்காதீர்கள். 1951-ல் மைக்கோ தொடங்கப்பட்ட காலந்தொட்டு இந்த வேலை தனி இயந்திரம் உள்ள கடைக்காரர் வேலை. அந்த நிறுவனம் 2008-ல் பாஷ் என்று பெயர் மாறியும் கடைவீதியில் "மைக்கோ பம்ப்" என்றே சொல்கிறோம். நாசில் தூவும் டீசலின் முன் கையை நீட்டவே கூடாது. அதன் அழுத்தம் வளிமண்டலத்தைப் போல 100 மடங்குக்கு மேல். தோலைத் துளைத்து உள்ளே போகும். காயம் சிறிதாகத் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்காதீர்கள். செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் நொறுங்கும். இரும்பு ஸ்டாண்ட் வையுங்கள். பிரேக் டிரம்மின் தூசியை வாயால் ஊதாதீர்கள். பழைய லைனிங்கில் கல்நார் இருக்கலாம். வடித்த ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். அது கடைசியில் நம் சதுப்பு நிலத்துக்கும் நிலத்தடி நீருக்கும்தான் போகும். டப்பாவில் சேர்த்து, கழிவு ஆயில் எடுக்க உரிமம் பெற்றவரிடம் சேருமாறு மெக்கானிக்கிடம் கொடுங்கள்.

உதிரிபாகம் வாங்கும்போது

புதிய சாமானுக்கு ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு, பழைய சாமானுக்குப் புதுப்பேட்டை என்பது சென்னையில் எல்லோரும் அறிந்தது. கதவு, விளக்கு, பம்பர், சீட் ஆகியவற்றைப் பழையதாக வாங்கலாம். பிரேக், ஸ்டியரிங், ரப்பர் குழாய், பெல்ட், ஃபில்டர் ஆகியவற்றை ஒருபோதும் பழையதாக வாங்கக் கூடாது. நம் கடையில் பில் கேட்காத வாடிக்கையாளருக்கு நேர்வதுதான் அங்கே பில் கேட்காத நமக்கும் நேரும். மாதிரிச் சாமானைக் கையோடு கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்குங்கள்.

எப்போது விற்பது?

இதற்கு விடை பேரேட்டில் இருக்கிறது. வண்டிக்கென்று ஒரு நோட்டுப் போடுங்கள். தேதி, கிலோமீட்டர், போட்ட டீசல், செய்த வேலை, கொடுத்த பணம் ஆகிய ஐந்து கட்டம் போதும். மைலேஜ் மெல்ல இறங்குவதை நோட்டுத்தான் முதலில் காட்டும்.

மறுபதிவுச் செலவையும் அதில் சேர்க்க வேண்டும். 15 ஆண்டு கடந்த காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணத்தை 2022 ஏப்ரலில் 5,000 ரூபாய் ஆக்கினார்கள். 20 ஆண்டு கடந்தவற்றுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாய் ஆனது. பசுமை வரி தனி. பழைய டீசல் வண்டிகள் மீது டெல்லியில் 2015-லும் 2018-லும் பிறந்த ஆணைகள் டெல்லிச் சுற்றுவட்டாரத்துக்கு உரியவை. அவற்றைக் காட்டி உங்கள் வண்டியை அடிமாட்டு விலைக்குக் கேட்பவரிடம் ஏமாற வேண்டாம். மறுபதிவும் புகைச் சான்றும் இல்லாமல் ஓட்டவும் வேண்டாம். விபத்து நேர்ந்தால் அந்தச் சுமை முழுக்க நம் தலையில் விழும்.

ஆண்டு முடிவில் மொத்தச் செலவைக் கூட்டுங்கள். அதே நடைக்குக் குட்டியானை வாடகைக்கு எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பக்கத்தில் எழுதுங்கள். இரண்டு ஆண்டு தொடர்ந்து காரின் தொகையே அதிகம் என்றால் விற்றுவிடுவது நல்லது. அப்பா வாங்கிய வண்டி என்ற பாசம் நியாயமானதே. அதற்காக வைத்திருப்பதானால் வீட்டுச் செலவில் எழுதுங்கள். கடைக் கணக்கில் எழுத வேண்டாம்.

தொகை குறைவு என்றால் தயங்காமல் வைத்திருங்கள். ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் அரை மணி நேரம் ஒதுக்கி ஆயில், தண்ணீர், பெல்ட், டயர் காற்று, பிரேக் ஆயில் ஐந்தையும் பாருங்கள். பிள்ளைகளையும் பக்கத்தில் நிற்க வைத்துச் சொல்லிக்கொடுங்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் வண்டியை மேடான இடத்தில் நிறுத்த ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.