வேண்டுமென்றேதான் சுட்டார்களா?

2005 ஜனவரியில் டாவோஸ் நகரில் நடந்த உலகப் பொருளாதார மன்றக் கூட்டத்தில், சி.என்.என். தலைமைச் செய்தி நிர்வாகி ஈசன் ஜோர்டான் பேசினார். ஈராக்கில் அமெரிக்கப் படையினர் பத்திரிகையாளர்களைக் குறிவைத்துக் கொன்றார்கள் என்ற பொருள்பட அவர் பேசியதாக அரங்கில் இருந்தவர்கள் சொன்னார்கள். கண்டனங்கள் குவிந்தன. ராணுவம் திட்டமிட்டுக் கொன்றதாகத் தான் நம்பவில்லை என்று விளக்கம் அளித்தும் பயனில்லை. பிப்ரவரி 11 அன்று பதவி விலகினார். அந்தப் பேச்சின் ஒளிப்பதிவை வெளியிட மன்றம் மறுத்துவிட்டது.

ஆதாரமில்லாமல் அப்படிப் பேசுவது தவறுதான். ஆனால் அந்தச் சந்தேகம் எங்கிருந்து வந்தது என்பதையும் பார்க்க வேண்டும்.

2003 ஏப்ரல் 8. பாக்தாத் வீழ்வதற்கு முந்தைய நாள். காலையில் அல் ஜசீரா அலுவலகத்தின் மீது அமெரிக்க விமானம் தாக்கியதில் செய்தியாளர் தாரிக் அய்யூப் இறந்தார். அந்த அலுவலகம் எங்கே இருக்கிறது என்பதை பென்டகனுக்கு அந்தத் தொலைக்காட்சி முன்கூட்டியே எழுதித் தெரிவித்திருந்தது. நண்பகல் வாக்கில், டைகிரிஸ் நதிப் பாலத்தில் நின்ற அமெரிக்க டாங்கி ஒன்று, ஒரு கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த பாலஸ்தீன் ஹோட்டலை நோக்கிச் சுட்டது. ராய்ட்டர்ஸ் ஒளிப்பதிவாளர் தாராஸ் புரோட்சியுக், ஸ்பெயினின் டெலிசின்கோ ஒளிப்பதிவாளர் ஹோசே கோசோ இருவரும் உயிரிழந்தனர். சுமார் 100 பத்திரிகையாளர்கள் தங்கியிருந்த ஹோட்டல் அது. உலகத் தொலைக்காட்சிகளில் தினமும் காட்டப்பட்ட கட்டடம்.

ஹோட்டலிலிருந்து தங்களைச் சுட்டதாக ராணுவம் முதலில் சொன்னது. அங்கிருந்த பத்திரிகையாளர்கள் அதை மறுத்தார்கள். எதிரிக்கு இலக்கு காட்டும் ஒற்றனைத் தேடிக்கொண்டிருந்தபோது, மாடியில் தொலைநோக்கியுடன் ஒருவரைக் கண்டு சுட்டதாகப் பிறகு விளக்கம் வந்தது. அன்று காலையிலிருந்து அந்தப் படையினர் கடும் தாக்குதலில் சிக்கியிருந்தார்கள் என்பதும் உண்மை. பத்திரிகையாளர் பாதுகாப்புக் குழு தனியே விசாரித்தது. வேண்டுமென்றே பத்திரிகையாளர்களைக் கொன்றதாகத் தெரியவில்லை, ஆனால் இந்த மரணங்களைத் தவிர்த்திருக்கலாம் என்று அது முடிவுக்கு வந்தது. ஹோட்டலில் இருப்பவர்கள் யார் என்பது மேலதிகாரிகளுக்குத் தெரியும். டாங்கிக்குள் இருந்தவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

என்னைப் பொறுத்தவரை, இந்த முடிவு சாதாரணமானதல்ல. 'வேண்டுமென்றே அல்ல' என்று நிரூபணமானாலே 'யார் மீதும் தவறில்லை' என்று கோப்பை மூடிவிடுகிறார்கள். அமெரிக்க ராணுவத்தின் சொந்த விசாரணை 2003 ஆகஸ்டில் அதைத்தான் செய்தது: சுட்டது நியாயம் என்றது. கோசோவின் குடும்பம் ஸ்பெயின் நீதிமன்றத்தில் போராடியது. 3 அமெரிக்கப் படையினருக்குக் கைது ஆணைகூடப் பிறந்தது. 2014-ல் ஸ்பெயின் தன் சட்டத்தையே மாற்றியது, அதன்பின் வழக்கு முடித்துவைக்கப்பட்டது.

இன்னொரு சம்பவம்: 2007 ஜூலை 12 அன்று பாக்தாத்தில் ராய்ட்டர்ஸ் ஊழியர்கள் நமீர் நூர்எல்தீன், சயீத் ச்மாக் இருவரையும் அமெரிக்க ஹெலிகாப்டர் சுட்டுக் கொன்றது. ஹெலிகாப்டரில் பதிவான காட்சியை ராய்ட்டர்ஸ் முறைப்படி கேட்டும் கிடைக்கவில்லை. 2010 ஏப்ரலில் விக்கிலீக்ஸ் வெளியிட்ட பிறகுதான் உலகம் பார்த்தது. கேமராவை ஆயுதம் என்று வீரர்கள் எண்ணியது அதில் கேட்டது. காயம்பட்டவரைத் தூக்க வந்த வேனையும் சுட்டது தெரிந்தது. வேனுக்குள் குழந்தைகள் இருந்தார்கள். அந்தப் பதிவை ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் மறைத்ததால் யாருக்கு என்ன நன்மை? படையினருக்குச் சாதகமான உண்மையும் அதற்குள்தானே இருந்தது!

மேற்குக் கரையின் ஜெனினில் 2022 மே மாதம் கொல்லப்பட்ட அல் ஜசீரா செய்தியாளர் ஷிரீன் அபு அக்லே விஷயத்திலும் இஸ்ரேல் முதலில் பாலஸ்தீனத் துப்பாக்கிகளைக் கைகாட்டியது. தன் வீரரின் குண்டு தவறுதலாகப் பட்டிருக்கவே வாய்ப்பு அதிகம் என்று செப்டம்பரில்தான் ஒப்புக்கொண்டது. குற்ற விசாரணை தேவையில்லை என்றும் அதே மூச்சில் சொல்லிவிட்டது.

சுட்ட ராணுவமே விசாரித்துத் தீர்ப்பும் எழுதும் முறை ஒழிய வேண்டும். பத்திரிகையாளர் ஒருவர் போரில் இறந்தால், படையினரின் ரேடியோ உரையாடல், காட்சிப் பதிவு, பிறப்பித்த உத்தரவு எல்லாம் ராணுவத்துக்கு வெளியே உள்ள விசாரணையாளர் கைக்குப் போக வேண்டும். அதைக் கட்டாயமாக்கும் சட்டத்தை அரசுகளிடம் கேட்போம்.