வண்டிக்குள் சமையலா? தரையைக் கவனிங்க!

பழைய பஸ்ஸில் படுக்கை, அடுப்பு வைத்து கேரவன் ஆக்கியிருக்கிறீர்களா? 2023 ஆகஸ்ட் 26 அதிகாலை மதுரையில் தீப்பிடித்தது சுற்றுலா ரயில் பெட்டிதான், பஸ் அல்ல. ஆனால் உள்ளே இருந்தது அதே சமையல் சிலிண்டர். 9 பேர் உயிரிழந்தார்கள்.

சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் ஜன்னல் வழியா போயிடும்னு நினைக்காதீங்க. தரையோடு படர்ந்து படுக்கைக்கு அடியில் தேங்கும். அதனால் சிலிண்டர் பெட்டியை உள்பக்கம் முழுசா அடைத்து, வெளிப்பக்கம் கதவும், அடியில் வாயு வெளியேறத் துளையும் வையுங்கள். வாசனை வந்தால் ஃபேன் சுவிட்சைக்கூடத் தொடாதீங்க; எல்லோரும் இறங்கி, வெளியிலிருந்தே ரெகுலேட்டரை மூடுங்கள்.

தீயணைப்பானைப் பலர் அடுப்புக்கு மேலேயே மாட்டுகிறார்கள். அடுப்பு எரியும்போது அதை எப்படி எடுப்பது? வாசலோரம் மாட்டுங்கள். அணையலைன்னா வண்டியை விட்டு விலகி 112-ஐ அழையுங்கள்.