ரத்தத்தைப் பிரிக்கும் ஒலி அலை
புற்றுநோய் அணுக்களைத் தேட சென்னையில் ஆராய்ச்சி

மைசூரில் ரத்தப் பரிசோதனைக்குச் சென்றவர்கள் பார்த்திருப்பார்கள். ரத்தக் குழாயை ஓர் இயந்திரத்தில் வைத்து வேகமாகச் சுழற்றுவார்கள். சிவப்பணுக்கள் அடியில் தங்கும். மஞ்சள் நிற நீர் மேலே நிற்கும். சுழற்றாமல், ஒலியாலேயே ரத்தத்தைப் பிரிக்க முடியும் என்கிறார்கள் விஞ்ஞானிகள்.

ஒலிக்கா அந்தச் சக்தி?

ஆம். 1866-ல் ஜெர்மன் விஞ்ஞானி ஆகஸ்ட் குண்ட், கண்ணாடிக் குழாயில் மெல்லிய தூளைத் தூவி உள்ளே ஒலி எழுப்பினார். தூள் சம இடைவெளியில் குவியல் குவியலாக நின்றது.

திரவத்தில் ஓடும் ஒலியை நம் சர் சி. வி. இராமனும் ஆராய்ந்தார். மைசூர் அரச குடும்பம் அளித்த நிலத்தில் எழுந்த பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் அவர் இருந்தபோது, நாகேந்திர நாத்துடன் சேர்ந்து 1935-36-ல் கட்டுரைகள் வெளியிட்டார். ஒலி அலை ஓடும் திரவம் ஒளியைப் பல கதிர்களாகப் பிரிப்பதை அவை விளக்கின.

சின்னஞ்சிறு வாய்க்கால்

இன்றைய கருவி கைக்குள் அடங்கும். சிலிக்கன் தகட்டில் 1 மில்லிமீட்டருக்கும் குறைந்த அகலத்தில் வாய்க்கால் வெட்டி, கண்ணாடியால் மூடுகிறார்கள். அடியில், மின்சாரம் பாய்ந்தால் அதிரும் ஒரு வில்லையை ஒட்டுகிறார்கள். அது விநாடிக்குச் சுமார் 20 லட்சம் முறை அதிரும். நம் காதுக்கு எட்டுவது 20 ஆயிரம் வரைதான்.

ஒலி இரு சுவர்களிலும் மோதித் திரும்பி, வாய்க்காலின் நடுவில் அமைதியான ஒரு கோட்டை உண்டாக்கும். சிவப்பணுக்கள் அந்தக் கோட்டில் வந்து சேரும். கொழுப்புத் துளிகள் சுவர் ஓரம் ஒதுங்கும். இருதய ஆபரேஷனில் சிந்தும் ரத்தத்தைச் சுத்தம் செய்து நோயாளிக்கே திருப்பித் தர, சுவீடன் நாட்டு லுண்ட் பல்கலைக்கழகத்தார் இந்த வழியை ஆராய்ந்தார்கள்.

500 கோடியில் ஒன்று

புற்றுநோய்க் கட்டியிலிருந்து சில அணுக்கள் ரத்தத்தில் கலந்து வேறு உறுப்புகளுக்குப் பரவும். 1 மில்லி ரத்தத்தில் சுமார் 500 கோடி சிவப்பணுக்கள் இருக்க, புற்று அணுக்களோ விரல் விட்டு எண்ணும் அளவே. அவை பருமனில் வெள்ளை அணுக்களைப் போலவும் இருப்பதால், சல்லடையில் சலிப்பதுபோலப் பிரிக்க இயலாது.

சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் ஆஷிஸ் குமார் சென் குழுவினர் இதற்கு வழி கண்டு 2018-ல் வெளியிட்டனர். பருமனைப் பாராமல், அணுவின் அடர்த்தியையும் அதனுள் ஒலி செல்லும் வேகத்தையும் வைத்துப் பிரிக்கும் முறை அது.

இம்முறை அன்றாடப் பரிசோதனையாக ஆஸ்பத்திரிகளுக்கு வர இன்னும் பல சோதனைகளைத் தாண்ட வேண்டும். அதுவரை, டாக்டர் எழுதித் தரும் பரிசோதனையை "அடுத்த சம்பளத்துக்குப் பார்க்கலாம்" என்று தள்ளிப் போடாமல் இருப்பதே உயிருக்குக் காவல்.