ஆறு வருடம் வீட்டில் காத்திருந்த லினக்ஸ்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியிருக்கும் வாசகர்களில் பலர் லினக்ஸ் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். "அதெல்லாம் இன்ஜினியரிங் படித்தவர்களுக்கு, நமக்கு எதற்கு?" என்று விட்டும் இருப்பீர்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். நான் படித்தது பிளஸ் டூ. டைப்ரைட்டிங்கில் தமிழ் லோயர், ஹையர் பாஸ் செய்திருக்கிறேன். அம்பத்தூர் ஓ.டி.யில் வீட்டிலேயே ஜாப் டைப்பிங் செய்கிறேன். பள்ளி வினாத்தாள், மனு, விழா நோட்டீஸ் என்று வரும் வேலைதான் வருமானம். அப்படிப்பட்ட நான் 2025 நவம்பரில் முழுவதுமாக லினக்ஸுக்கு மாறினேன். அதில் ஒரு நஷ்டமும் பட்டேன். அந்த நஷ்டம் உங்களுக்கு வரக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஆன் செய்தால் இரண்டு பெயர்கள்

என்னிடம் இருப்பது 2019-ல் என் மகளுக்குப் பள்ளியில் கிடைத்த அரசு லேப்டாப். தமிழக அரசின் இந்த இலவச லேப்டாப் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று எங்கள் பக்கத்துத் திருவள்ளூர் மாவட்டத்தில்தான் தொடங்கி வைக்கப்பட்டது. அந்த லேப்டாப்பை ஆன் செய்தால் திரையில் இரண்டு பெயர்கள் வரும். ஒன்று விண்டோஸ். மற்றொன்று பாஸ்.

பாஸ் என்பது பாரத் ஆப்பரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ் என்பதன் சுருக்கம். மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் டெபியன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கி 2007-ல் வெளியிட்டது. இதற்குச் சற்று முன்பின்னாக, தமிழக அரசின் எல்காட் நிறுவனமும் தன் அலுவலகக் கம்ப்யூட்டர்களை சூசே லினக்ஸுக்கு மாற்றியது. ஆக, லினக்ஸ் தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. பல லட்சம் வீடுகளுக்கு அது லேப்டாப்போடு சேர்ந்தே வந்தது.

ஆனால் என் வீட்டில் ஆறு வருடத்தில் ஒரு நாள்கூட அந்த இரண்டாவது பெயரில் நாங்கள் என்டர் தட்டியதில்லை. காரணம் பயம் இல்லை. உள்ளே போனால் என் வேலை நடக்குமா என்று எனக்குச் சொல்ல ஆள் இல்லை, அவ்வளவுதான்.

ஏன் மாற வேண்டி வந்தது?

விண்டோஸ் 10-க்கான இலவச சப்போர்ட் 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. அதற்குப் பின்னும் கம்ப்யூட்டர் ஓடும். ஆனால் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்கும் பாதுகாப்பு அப்டேட் வழக்கம் போல வராது. பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை மட்டும் தருவதாக மைக்ரோசாப்ட் அறிவித்தது. விண்டோஸ் 11-க்குப் போகலாம் என்றால் டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு சிப் வேண்டும். பிராசசரும் அவர்கள் பட்டியலில் இருக்க வேண்டும். என் லேப்டாப்பின் பிராசசர் அந்தப் பட்டியலில் இல்லை. 4 ஜி.பி. ராம் வேறு. புது லேப்டாப் வாங்க, பக்கத்துக்கு 40 ரூபாய் வாங்கும் நான் எத்தனை பக்கம் டைப் செய்ய வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பார்த்து விட்டுவிட்டேன்.

ஆவடியில் இருக்கும் என் நாத்தனார் மகனிடம் போனில் கேட்டேன். "அத்தை, லேப்டாப் நல்லாத்தான் இருக்கு. லினக்ஸ் மின்ட் போட்டுப் பாருங்க. பிடிக்கலைன்னா எடுத்துடலாம்" என்றான்.

லினக்ஸில் பல வகைகள் உண்டு. 1991-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட கெர்னல்தான் எல்லாவற்றுக்கும் அடித்தளம். அதன் மேல் ஆளுக்கொரு விதமாக வீடு கட்டியிருக்கிறார்கள். பாஸ், உபுண்டு, மின்ட் எல்லாம் அந்த வீடுகள்தான். மின்ட் விண்டோஸ் போலவே இடது கீழ் மூலையில் மெனு வைத்திருப்பதால் புதியவர்களுக்கு எளிது. குறைந்தது 2 ஜி.பி. ராம் கேட்கிறது, 4 ஜி.பி. இருந்தால் நல்லது. அதில் எக்ஸ்.எப்.சி.இ. என்ற எடிஷன் பழைய கம்ப்யூட்டர்களுக்கு ஏற்றது. விலை கிடையாது.

முதலில் பென் டிரைவில் ஓட்டிப் பாருங்கள்

ஹார்ட் டிஸ்க்கைத் தொடாமலே லினக்ஸை இயக்கிப் பார்க்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. மின்ட்டின் இணையதளத்தில் இருந்து ஏறத்தாழ 3 ஜி.பி. அளவுள்ள ஐ.எஸ்.ஓ. பைலை டவுண்லோட் செய்து, ரூபஸ் என்ற இலவச புரோகிராம் மூலம் 8 ஜி.பி. பென் டிரைவில் ஏற்ற வேண்டும். ஏற்றும்போது பென் டிரைவில் இருப்பவை அழிந்துவிடும். பின்னர் லேப்டாப்பை ரீஸ்டார்ட் செய்து, பூட் மெனுவுக்கான கீயைத் தட்டி (பல லேப்டாப்களில் எப்12) பென் டிரைவைத் தேர்ந்தெடுத்தால் மின்ட் வந்துவிடும்.

இந்த நிலையில் வேகம் குறைவாகத்தான் இருக்கும். கவலைப்பட வேண்டாம். வைபை கிடைக்கிறதா, சத்தம் வருகிறதா, பிரிண்டர் ஒரு பக்கம் அடிக்கிறதா, பேங்க் வெப்சைட் திறக்கிறதா என்று மட்டும் பாருங்கள். எனக்கு எல்லாம் சரியாக இருந்தது. பிரிண்டரை யு.எஸ்.பி.யில் செருகியதும் அதுவே அடையாளம் கண்டுகொண்டது. எல்லா மாடலுக்கும் இப்படி அமையாது. அதனால்தான் முன்பே சோதிக்கச் சொல்கிறேன்.

நான் செய்த தவறு

"எல்லா பைலையும் காப்பி எடுத்துக்குங்க அத்தை" என்று அவன் இரண்டு முறை சொல்லியிருந்தான். நான் டெஸ்க்டாப்பையும் டாக்குமென்ட்ஸ் போல்டரையும் எடுத்தேன். டி டிரைவை விட்டுவிட்டேன். முன்பு சர்வீஸ் கடையில் விண்டோஸை மறுபடி போட்டபோதெல்லாம் சி டிரைவ் மட்டும்தான் போகும். டி அப்படியே இருக்கும். இதுவும் அப்படித்தான் என்று நினைத்தேன்.

இன்ஸ்டால் செய்கையில் 'எரேஸ் டிஸ்க்' என்ற வரியைத் தேர்ந்தெடுத்தேன். அது சி, டி என்று பார்ப்பதில்லை. முழு டிஸ்க்கையும் அழித்துவிடும். டி டிரைவில் நான்கு வருட வினாத்தாள்கள் இருந்தன. அரையாண்டுத் தேர்வு வேலை வரும் நேரம். அன்று இரவு எனக்குத் தூக்கம் இல்லை.

மறுநாள் என் ஈமெயிலில் 'சென்ட்' பகுதியைப் பார்த்தேன். பள்ளிகளுக்கு அனுப்பியவை அங்கே இருந்தன. பாதிக்குமேல் திரும்பக் கிடைத்தன. பிரிண்ட் எடுத்து மட்டும் கொடுத்தவை போனது போனதுதான். இது லினக்ஸின் குற்றமல்ல. படிக்காமல் அடுத்த பட்டனைத் தட்டிய என் குற்றம்.

தமிழ் டைப்பிங் எப்படி?

என் மாதிரி ஆட்களுக்கு முக்கியமான கேள்வி இதுதான். மின்ட்டின் சாப்ட்வேர் மேனேஜரில் 'ஐபஸ் எம்17என்' என்று தேடி இன்ஸ்டால் செய்திடவும். ஐபஸ் செட்டிங்கில் தமிழைச் சேர்க்கும்போது தமிழ்99, போனடிக், டைப்ரைட்டர் எனப் பல கீபோர்டுகள் காட்டும். நான் டைப்ரைட்டரை எடுத்தேன். இருபது வருடம் பழகிய விரல்களுக்குப் புதிய பாடம் தேவைப்படவில்லை.

பழைய பைல்கள்தான் சிக்கல். பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்கள் யூனிகோட் அல்ல. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவத்தை வைத்திருப்பவை. அந்த பான்ட் இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் ஆங்கில எழுத்துகள் அர்த்தமில்லாமல் தெரியும். பைல் கெட்டுவிட்டது என்று பதற வேண்டாம். உங்களிடம் உள்ள பான்ட் பைலை டபுள் கிளிக் செய்து இன்ஸ்டால் கொடுத்தால் தமிழ் வந்துவிடும். ஆனால் இன்றோ நாளையோ யூனிகோடுக்கு மாற்றி வைப்பதே நல்லது.

மூன்றாவது பக்கத்துக்குப் போன இரண்டு கேள்விகள்

வேர்டுக்குப் பதிலாக மின்ட்டில் லிப்ரே ஆபீஸ் வருகிறது. வேர்ட் பைலைத் திறக்கும், திருத்தும், அதே வடிவில் சேவ் செய்யும். முதல் வினாத்தாளை அதில் அடித்து அனுப்பினேன். பள்ளி அலுவலகத்தில் இருந்து போன். "மேடம், நீங்க ரெண்டு பக்கம்னு சொன்னீங்க. இங்க மூணாவது பக்கத்துல ரெண்டு கேள்வி நிக்குதே!"

காரணம் பான்ட். நான் பயன்படுத்திய தமிழ் பான்ட் அவர்கள் கம்ப்யூட்டரில் இல்லை. விண்டோஸ் அதற்குப் பதில் தன்னிடம் உள்ள வேறொன்றைப் போட்டது. அதன் அகலம் கூடுதல், வரிகள் இறங்கிவிட்டன. இப்போது பிரிண்டுக்குப் போவதை பி.டி.எப். ஆக மட்டுமே அனுப்புகிறேன். லிப்ரே ஆபீஸில் அதற்குத் தனி பட்டனே உண்டு. அவர்கள் திருத்த வேண்டிய பைல் என்றால் இரண்டு பக்கமும் இலவசமாகக் கிடைக்கும் நோட்டோ சான்ஸ் தமிழ் பான்ட்டை வைத்துக்கொண்டோம். அதன் பின் புகார் இல்லை.

யார் மாற வேண்டாம்?

டேலியில் கணக்கு எழுதுபவர்கள் அவசரப்பட வேண்டாம். அது விண்டோஸுக்கானது. போட்டோஷாப், கோரல் டிரா இரண்டும் லினக்ஸில் நேரடியாக ஓடாது. அவற்றின் இடத்தில் கிம்ப், இங்க்ஸ்கேப் உண்டு என்றாலும் பிளெக்ஸ் போர்டு டிசைன் செய்பவர் புதிதாகப் பழக வேண்டும். இவர்கள் விண்டோஸை வைத்துக்கொண்டு பக்கத்திலேயே லினக்ஸையும் போட்டுக்கொள்ளலாம். இன்டர்நெட், ஈமெயில், கடிதம், பிள்ளைகளின் படிப்பு, படம் பார்ப்பது என்பவைதான் உங்கள் தேவை என்றால் தாராளமாக மாறலாம்.

மாறும் முன் செய்ய வேண்டியவை

1. ஒரு வாரம் கம்ப்யூட்டரில் என்னென்ன செய்கிறீர்கள் என்று பேப்பரில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் லினக்ஸில் வழி உண்டா என்று பாருங்கள்.

2. விண்டோஸில் இருக்கும்போதே பயர்பாக்ஸ், லிப்ரே ஆபீஸ் இரண்டையும் போட்டுப் பழகுங்கள். இரண்டும் விண்டோஸிலும் இலவசம். மாறிய பின் பாதி வீடு பழகிய வீடாக இருக்கும்.

3. எல்லா டிரைவ்களையும் வெளி ஹார்ட் டிஸ்க்கில் காப்பி எடுங்கள். எடுத்ததை வேறு கம்ப்யூட்டரில் திறந்தும் பாருங்கள்.

4. பான்ட் பைல்களைத் தனியே எடுத்து வையுங்கள்.

5. இன்ஸ்டால் திரையில் ஒவ்வொரு வரியையும் படித்த பிறகே அடுத்த பட்டனைத் தட்டுங்கள்.

தமிழில் படித்துத் தெரிந்துகொள்ள விரும்புவோருக்குக் கணியம் என்ற இலவச மின்னிதழ் இருக்கிறது. 2012-ல் தொடங்கியது. அவர்கள் வெளியிட்ட 'எளிய தமிழில் குனு/லினக்ஸ்' நூலையும் இலவசமாகவே டவுண்லோட் செய்யலாம்.

அரையாண்டு வினாத்தாள்கள் அத்தனையும் அந்தப் பழைய லேப்டாப்பிலேயே அடித்துக் கொடுத்துவிட்டேன். இப்போது ஆன் செய்தால் ஒரே பெயர்தான் வருகிறது. உங்கள் வீட்டு அரசு லேப்டாப்பில் இன்னும் இரண்டு பெயர்கள் வருகின்றனவா? ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த இரண்டாவது பெயரில் என்டர் தட்டிப் பாருங்கள். பார்ப்பதால் எதுவும் அழியாது.